செம்மர நாற்றின் இலைப்புள்ளி

நுழையும்முன்

காய்ச்சல் என்பது நோயின் பெயரன்று. உடலுக்குள் நோய் இருப்பதைக் காட்டும் குறி. இலையில் தோன்றும் புள்ளியும் அத்தகையதே. பூசணத்தால் வந்த புள்ளியும், வெயிலால் வந்த கருகலும், சத்துக்குறையால் வந்த மஞ்சளும் தொலைவில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். அருகில் சென்று, இலையைத் திருப்பி, விரலால் தடவிப் பார்ப்பவருக்கே வேறுபாடு புலப்படும். அவ்வாறு பார்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மலையும் மரமும்

திருப்பதி நகரில் நின்று வடக்கே நோக்குபவருக்குச் செந்நிறப் பாறைமுகடுகள் வரிசையாகத் தெரியும். அவை சேஷாசலம் மலைத்தொடரைச் சேர்ந்தவை. அம்மலைகளில் வளரும் மரங்களுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. தமிழில் அதனைச் செம்மரம் என்றும் செஞ்சந்தனம் என்றும் வழங்குவர். தெலுங்கில் அதன் பெயர் எர்ரசந்தனம். பெயரில் சந்தனம் இருப்பினும் இது சந்தன மரத்துக்கு உறவன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம், வேங்கை மரத்துக்கே நெருங்கிய இனம்.

ஆந்திரத்தின் தென்பகுதியிலுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும், அவற்றை ஒட்டிய சில எல்லைக் குன்றுகளிலும் மட்டுமே செம்மரம் இயற்கையாக வளர்கிறது. சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் ஆகிய பெயர்களைச் சொன்னால் அதன் தாயகத்தில் பெரும்பகுதியைச் சொன்னதாகும். உலகில் வேறெந்த நாட்டுக் காட்டிலும் அது தானாக முளைத்து வளர்ந்ததில்லை. அதன் செந்நிற வைரக்கட்டைக்கு இருக்கும் விலையே அதற்குப் பகையாயிற்று. திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்துவதால் முதிர்ந்த மரங்கள் குறைந்தன. காட்டுயிர் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995-ஆம் ஆண்டு இம்மரம் சேர்க்கப்பட்டது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் செம்பட்டியலிலும் இன்று அதற்கு இடமுண்டு.

வெட்டப்பட்ட மரத்தின் இடத்தை நாற்றுதான் நிரப்ப வேண்டும். ஆனால் செம்மர விதை எளிதில் முளைப்பதன்று. அதன் காய் வட்டமானது; நடுவில் விதை தடித்திருக்க, சுற்றிலும் தாள் போன்ற சிறகு அமைந்திருக்கும். காற்றில் பறப்பதற்கு ஏற்ற அமைப்பு. முளைப்பதற்கோ அந்தக் கடினமான உறையே தடை. ஆகவே காய்களை நீரிலோ சாணிக்கரைசலிலோ ஊறவைத்துத் தாய்ப்பாத்தியில் விதைப்பர். அப்படியும் பல விதைகள் முளைப்பதில்லை. முளைத்தவற்றை, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து நிரப்பிய பைகளுக்கு மாற்றி, நிழல்வலையின்கீழ் அடுக்கி வளர்ப்பர். இத்தனை பாடுபட்டுப் பெற்ற நாற்றை ஓர் இலைப்புள்ளிக்கு இழப்பது பேரிழப்பு.

மூவர் சொன்ன மூன்று மருந்துகள்

கார்த்திகை மாதத்து நாற்றங்கால் ஒன்றை மனத்தில் எண்ணுக. சித்தூர், திருப்பதிப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தரும். வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தரும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக்கடலில் புயற்சின்னம் தோன்றினால் நாட்கணக்கில் வெயிலே தெரியாது. அத்தகைய அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், மூன்றாம் பாத்தியிலுள்ள சில நாற்றுகளின் அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் காணப்படுகின்றன. சில சிற்றிலைகள் உதிர்ந்தும் கிடக்கின்றன.

அதைக் கண்ட ஒருவர், நாற்றுகள் வாடுகின்றன, மாலையிலும் ஒருமுறை பூவாளியால் நீர் ஊற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர், சத்துக் குறைந்துவிட்டது, யூரியா இட வேண்டும் என்கிறார். மூன்றாமவர், கையிருப்பில் உள்ள மருந்து எதுவாயினும் உடனே தெளிக்கலாம் என்கிறார். மூவரும் நாற்றின் நலம் நாடியே பேசுகின்றனர். ஆனால் மூவருள் ஒருவரும் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அப்புள்ளி பூசணத்தால் வந்ததாயின், மாலையில் ஊற்றும் நீர் இரவு முழுவதும் இலைமேல் தங்கிப் பூசணத்துக்கே துணைசெய்யும். மிகுதியான யூரியா மென்மையான தளிர்களைப் பெருக்கும். மென்தளிர் நோய்க்கு எளிய இரை. பொருந்தாத மருந்தோ பணத்தையும் நாளையும் வீணாக்கும். ஒரு வாரத்தில் மூன்றாம் பாத்தியின் நோய் ஏழாம் பாத்தியை எட்டிவிடும்.

பூசணம் இலைக்குள் புகும் வழி

பூசணம், பூஞ்சணம், பூஞ்சை என்னும் மூன்று சொற்களும் ஒரே உயிரினத்தையே குறிக்கும். அதற்குப் பசுமை கிடையாது. ஆதலால் தன் உணவைத் தானே சமைக்க இயலாது. பழைய சோற்றின்மேலும் ஈரச்செருப்பின்மேலும் படர்வதுபோல, உயிருள்ள இலையின்மேலும் சில பூசணங்கள் படர்ந்து வாழ்கின்றன. அவற்றின் உடல் நூலினும் மெல்லிய இழைகளால் ஆனது. இனம்பெருக்குவது வித்துகளால். துருநோயின் வித்து ஒன்று ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும்; காற்றும் மழைத்துளியும் அதனை எளிதில் சுமந்து செல்லும்.

வித்து இலையில் விழுந்தவுடன் நோய் வந்துவிடாது. இலையின்மேல் சில மணிநேரமாவது ஈரம் நிலைத்திருந்தால்தான் பெரும்பாலான வித்துகள் முளைக்கும். முளைத்த இழை, இலைத்துளையின் வழியாகவோ, மேல்தோலைத் துளைத்தோ உள்ளே நுழையும். நுழைந்த இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும். அதனால்தான் பூசணப்புள்ளி பெரும்பாலும் வட்டமாக அமைகிறது. தடித்த நரம்பு குறுக்கிட்டால் வட்டம் சிதைந்து கோணமாகும். சாம்பல் நோய்ப் பூசணம் மட்டும் சற்று மாறுபட்டது. இலை நனைந்திராவிட்டாலும், காற்றில் ஈரப்பதமும் சிறிது குளிர்ச்சியும் இருந்தால் அதற்குப் போதும். மார்கழி, தை மாதங்களில் மழை இல்லாமலே அது தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இலையின் பருவமும் அதன் குறியும்

இலைக்குத் தமிழில் பருவந்தோறும் ஒரு பெயர் உண்டு. புதிதாய் அரும்பியது கொழுந்து. விரிந்து மென்மையாய் இருப்பது தளிர். முற்றிப் பசுமை கொண்டது இலை. முதிர்ந்து நிறம் மாறியது பழுப்பு. உலர்ந்து வீழ்ந்தது சருகு. தொல்காப்பியத்தின் மரபியலும் இலை, முறி, தளிர் முதலியவற்றை மரத்துக்குரிய பெயர்களாகத் தொகுத்துக் கூறுகிறது. இவற்றை வெறும் இலக்கணச் சொற்களாக மனப்பாடம் செய்வோர் உண்டு. நாற்றங்காலில் இவை நோயறியும் சொற்கள்.

கொழுந்தும் தளிரும் நரம்பு மட்டும் பசுமையாக இருக்க, நரம்பிடைப் பகுதி வெளிறினால் இரும்புச்சத்துக் குறைவு எனக் கருதலாம். முற்றிய அடியிலை முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. தளிரின்மேல் வெண்பொடி படர்ந்தால் சாம்பல் நோய். மழைநீர் தெறிக்கும் அடியிலைகளில் முதலில் புள்ளி விழுந்து மேல்நோக்கி ஏறினால் இலைப்புள்ளி நோய். செம்மரமோ இலையுதிர் மரம்; கோடைக்கு முன்பு அதன் இலைகள் பழுத்து உதிர்வது இயல்பு. பழுப்பை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர் மரத்தின் நாட்காட்டியை அறியாதவர்.

பார்க்கும் முறை

முதலில் இலையைப் பார்க்கக் கூடாது; பாத்தியைப் பார்க்க வேண்டும். நோய் ஓரிடத்தில் தோன்றி ஒழுங்கின்றிப் பரவும்: இங்கே நான்கு நாற்றுகள், அங்கே இரண்டு, இடையில் நலமான நாற்றுகள் எனக் காணப்படும். வெயிலும் உப்புநீரும் உரமும் செய்யும் கேடு அவ்வாறன்று. ஒரு வரிசை முழுவதும், அல்லது ஓர் ஓரம் முழுவதும் ஒரே நாளில் ஒரே வகையாகக் கேடுற்றிருந்தால் பூசணத்தை ஐயுறுவதற்கு முன் நிழல்வலை கிழிந்துள்ளதா, நீர் மாறியதா என்று கேட்க வேண்டும்.

அடுத்து, புள்ளியின் விளிம்பை நோக்க வேண்டும். பூசணப்புள்ளிக்குப் பெரும்பாலும் தெளிவான எல்லை உண்டு. நடுப்பகுதி உலர்ந்து வெளிறியும், விளிம்பு அடர்பழுப்பாகவும், அதைச் சூழ மஞ்சள் வளையமும் காணப்படலாம். சில புள்ளிகளில் அம்புப்பலகையில் வரைந்தாற்போல வட்டத்துக்குள் வட்டம் இருக்கும். பூசணத்தின் வளர்ச்சி விரைந்தும் தளர்ந்தும் நிகழ்வதால் அவ்வளையங்கள் உண்டாகின்றன. ஆல்டர்னேரியா என்னும் பூசணம் உண்டாக்கும் புள்ளிகள் இதற்குப் பெயர்பெற்றவை. வெயிற்கருகலுக்கு இத்தகைய வளையம் இராது. அது நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி, வெயில் படும் பக்கத்தில் மட்டும் பரவும்.

மூன்றாவதாக, இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். புள்ளி எண்ணெய் பட்ட தாளைப்போல் ஒளியூடுருவி நீர்க்கோத்துக் காணப்பட்டால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். பூச்சி கடித்த இடமாயின் துளையின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். இலைக்குள் சுரங்கம் தோண்டும் புழுவாயின் வெண்கோடு வளைந்து வளைந்து செல்லும்.

நான்காவது கருவி விரல். இதற்கு இணையான கருவி ஆய்வகத்திலும் அரிது. இலையின் அடிப்பக்கத்தைத் தடவும்போது மஞ்சளோ செம்மஞ்சளோ ஆன பொடி விரலில் ஒட்டினால் அது துருநோய். தேக்கு நாற்றில் இதனை எளிதாகக் காணலாம்: மேற்பக்கம் சாம்பல்நிறத் திட்டுகள் மட்டும் தெரியும், திருப்பினால் அடிப்பக்கம் முழுவதும் மஞ்சள் பொடி. அந்தத் தேக்குத் துருப்பூசணத்தின் பெயர் ஒலிவியா. நெடுங்காலம் ஆசியாவின் நோயாகவே அறியப்பட்டிருந்த அது, 2003-ஆம் ஆண்டு நடு அமெரிக்காவிலுள்ள பனாமாவில் கண்டறியப்பட்டது. வெண்பொடியாகப் படர்ந்து, துடைத்தால் அடியில் பசுமை தெரிவது சாம்பல் நோய். கரிபூசியது போன்ற படலம் ஈரத்துணியால் துடைத்தவுடன் அகன்று நலமான இலை வெளிப்பட்டால் அது கரும்பூசணம். கரும்பூசணம் இலையைத் தின்பதில்லை. சாறுறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரில் வளர்வது. ஆதலின் அங்கே தேட வேண்டியது பூசணத்தை அன்று, பூச்சியை.

இறுதியில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி. வெளிறிய நடுப்பகுதியில் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை பூசணம் வித்துகளை உண்டாக்கும் அறைகள். அவற்றைக் கண்டபின் பூசணமோ அன்றோ என்னும் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். சித்தூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காண நாற்றங்காலுக்கே போக வேண்டியதில்லை. கிளிமூக்கு மாம்பழத்தின் தோலில் குழிந்து கறுக்கும் புள்ளியை உண்டாக்கும் கொலட்டோட்ரைக்கம் என்னும் பூசணம் மாந்தளிரிலும் புள்ளியிடும். அதே பூசணக் கூட்டம் பலவகை மரநாற்றுகளின் இலைகளையும் தாக்கும்.

கைக்கண்ணாடியிலும் ஒன்றும் தெரியாவிடின் எளிய சோதனை ஒன்று உண்டு. நோயுற்ற இலையை, நனைத்த தாள் விரித்த மூடிபோட்ட பெட்டியில் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். உள்ளிருக்கும் பூசணம் ஈரத்தால் வளர்ந்து இழைகளாகவோ பொடியாகவோ வெளிப்படும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: செத்த இலைத்திசுவில் குடியேறும் ஒட்டுண்ணியல்லாத பூசணங்களும் அப்போது வளரக்கூடும். வீட்டில் திருடு போனபின் உள்ளே நுழைந்து வேடிக்கை பார்ப்பவரைத் திருடர் என்று பிடிப்பதுபோல் ஆகிவிடலாம். அதனால்தான் அறிஞர்கள் பூசணத்தைத் தனியே பிரித்து வளர்த்து, நலமான நாற்றில் இட்டு, அதே நோய் தோன்றுவதையும், அதிலிருந்து அதே பூசணம் மீண்டும் கிடைப்பதையும் கண்ட பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். கேரளத்தின் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அம்மாநில நாற்றங்கால்களிலும் தோட்டங்களிலும் மரநோய்களை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட அறிக்கை, இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. கோயம்புத்தூரில் வன மரபியல் நிறுவனமும், திருப்பதியிலேயே ஆந்திர வனத்துறையின் பயோட்ரிம் என்னும் மர மேம்பாட்டு ஆய்வு மையமும் உள்ளன.

இரண்டு மொழி, ஒரே கண்

சித்தூரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. நோய்ப்பெயர்களிலும் இவ்வுறவு தெரிகிறது. தமிழில் சாம்பல் நோய் எனப்படுவது தெலுங்கில் பூடித தெகுலு. பூடித என்றாலும் சாம்பல்தான். இலைப்புள்ளி நோய் தெலுங்கில் ஆக்குமச்ச தெகுலு. ஆக்கு என்பது இலை. மச்ச என்பது புள்ளி. தமிழர் முகத்திலுள்ள மச்சம் ஆந்திரத்தில் இலைக்குப் போய்விட்டது! நாற்றுக்கு அங்கே நாரு என்று பெயர். இரு மொழி உழவரும் நோயைக் கண்ணால் கண்டவாறே பெயரிட்டனர். பெயரே பாதி நோயறிதல். பள்ளியில் தமிழ்ப்பெயரையும் தோட்டத்தில் தெலுங்குப்பெயரையும் கேட்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே நோய் என்று தெரிந்திருப்பது பெரும் பயன் தரும்.

ஓர் இலைநோயும் ஓர் இடப்பெயர்ச்சியும்

இலைநோய் மக்களின் வாழ்வையே மாற்றிய வரலாறு ஒன்று தமிழர்க்கு மிக அணுக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைப்பகுதி முழுவதும் காப்பித் தோட்டங்கள் பரவியிருந்தன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து கூலித் தொழிலாளர்கள் காப்பிப்பழம் பறிக்கும் பருவத்துக்குச் சென்று, பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1869-ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூசண அறிஞர் பெர்க்லி அதனை ஆராய்ந்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். ஒருபாதி வழுவழுப்பான வித்துடையது என்பது முதற்சொல்லின் பொருள். பாழாக்குவது என்பது இரண்டாம் சொல்லின் பொருள்.

பெயர் சூட்டப்பட்டதே தவிர, தோட்டத்தார் பலர் அதைப் பூசணமென்று பொருட்படுத்தவில்லை. வானிலை கெட்டது என்றனர், மண் சளைத்தது என்றனர், உரத்தைக் கூட்டினர். நாற்றங்காலில் மூவர் சொன்ன மருந்துகளை இங்கு நினைவுகூரலாம். 1880-இல் மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிஞர் இலங்கைக்கு வந்தார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றில் வரும் வித்துகளைப் பிடித்தார். ஈரமான இலையில் வித்து முளைத்து இலைத்துளை வழியாக நுழைவதைக் கண்டு காட்டினார். வித்து நுழைந்தபின் மருந்தால் பயனில்லை. நுழையும் முன்பே இலையின்மேல் காப்பு இருக்க வேண்டும் என்பது அவர் ஆய்வால் தெளிந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. நோய் தோன்றி இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் சரிந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. காப்பிக்கு ஆண்டில் ஒரு பருவமே அறுவடை. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆதலால் பருவத்துக்கு வந்து திரும்பிய தமிழர்கள் குடும்பத்தோடு மலையகத்திலேயே தங்க நேர்ந்தது. அவர்களின் குடியிருப்பு நிலைபெற்றதற்கான காரணங்களுள் ஓர் இலையின் அடியில் தோன்றிய பொடியும் ஒன்று.

நாற்றங்காலில் செய்யத்தக்கவை

நோய் பூசணம் என்று தெரிந்தபின் முதல் வேலை மருந்தன்று, இடைவெளி. நெருக்கமாக அடுக்கிய பைகளைச் சற்று விலக்கினால் இலைகளுக்கிடையே காற்று புகும். ஈரம் விரைந்து உலரும். நீரைக் காலையில் ஊற்ற வேண்டும். இயன்றவரை இலைமேல் படாமல் வேரடியில் ஊற்ற வேண்டும். நோயுற்ற இலைகளையும் கீழே கிடக்கும் சருகுகளையும் பொறுக்கி அகற்றி எரிக்க வேண்டும். சருகில் பூசணம் அடுத்த மழைவரை காத்திருக்கும். மழைக்காலத்தில் தேவைக்கு மேற்பட்ட நிழல்வலையை விலக்கலாம். நோயுற்ற நாற்றுகளைத் தனிப்பாத்தியில் ஒதுக்கி, நலமானவற்றைத் தொட்டபின்னரே அவற்றைத் தொட வேண்டும். இந்த எளிய வேலைகளைச் செய்யாமல் தெளிக்கும் மருந்து ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர்.

காப்பு மருந்துகளுள் பழமையானது போர்டோ கலவை. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சைகளை வழிப்போக்கர் பறிக்காதிருக்க, உழவர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலநிறமாகத் தெளித்து வைத்தனர். அவ்வாறு தெளித்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காததைக் கண்ட மில்லார்டே என்னும் அறிஞர் 1885-இல் அக்கலவையை உலகுக்கு அறிவித்தார். நூற்றுக்கு ஒரு பங்கு வலிமையுள்ள கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் தேவை. இரண்டையும் தனித்தனியே நெகிழி அல்லது மண் கலத்தில் கரைத்து, சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலைக் கலக்கிக்கொண்டே ஊற்றுவர். பின்பு இரும்புக் கத்தியைச் சிறிதுநேரம் அதில் நனைத்து எடுப்பர். கத்தியில் செம்புநிறம் படிந்தால் துத்தம் மிகுதி. மேலும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலவையை ஆயத்தம் செய்த அன்றே பயன்படுத்துவர். சாம்பல் நோய்க்கு நீரில் நனையும் கந்தகத்தூள் பொருத்தமானது. இவற்றைக் கையாளுதல் கையுறையும் முகமறைப்பும் அணிந்த பெரியவர்களின் வேலை. மாணவர் செய்யத்தக்கது பார்த்தலும் குறித்தலும்.

எந்த மருந்தும் விழுந்த புள்ளியை அழிக்காது. புள்ளியிட்ட இலை பழைய பசுமைக்குத் திரும்புவதில்லை. மருந்தும் பராமரிப்பும் பயன்தந்தனவா என்பதை அறியப் பழைய இலைகளைப் பார்த்துப் பயனில்லை. அடுத்து விரியும் தளிர்களைப் பார்க்க வேண்டும். ஆகவே நாற்றங்காலில் தேதியிட்ட குறிப்பேடு ஒன்று இருத்தல் நலம். எந்தப் பாத்தியில், எத்தனை நாற்றில், எந்தப் பருவத்து இலையில், எத்தகைய புள்ளி என்று எழுதிவைத்தால், பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நினைவை நம்பாமலே தெரிந்துவிடும்.

சொல்லும் பொருளும்

நாற்றங்கால் – நாற்று வளர்க்கும் இடம்
தாய்ப்பாத்தி – விதை முதலில் விதைக்கப்படும் பாத்தி
வைரக்கட்டை – மரத்தின் உறுதியான உட்பகுதி
மயில்துத்தம் – நீலநிறமான செம்பு உப்பு
முறி – இளந்தளிர்
அடைமழை – விடாது பெய்யும் மழை

படித்து விடை எழுதுக

1. மூன்றாம் பாத்தியைக் கண்ட மூவரும் கூறிய வழிகள் ஏன் தீங்கு விளைக்கக்கூடும்? ஒவ்வொன்றையும் தனித்தனியே விளக்குக.

2. பின்வருவனவற்றுக்குக் காரணம் எதுவாக இருக்கலாம்? எவ்வாறு உறுதி செய்வாய்?
அ) வேப்பநாற்றின் இலைகளில் கரிபூசியது போன்ற படலம். துணியால் துடைத்தால் அகல்கிறது. தண்டில் எறும்புகள் ஊர்கின்றன.
ஆ) பாத்தியின் மேற்கு ஓரத்து நாற்றுகளில் மட்டும், மேற்குநோக்கிய இலைநுனிகள் பழுத்து உலர்ந்துள்ளன. புள்ளியோ வளையமோ இல்லை.
இ) மாசி மாதத்தில் செம்மர நாற்றுகளின் முதிர்ந்த இலைகள் எல்லாம் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்டு பசுமையாக உள்ளது.
ஈ) தேக்கு இலையின் மேற்பக்கம் சாம்பல்நிறத் திட்டுகள், அடிப்பக்கத்தைத் தொட்ட விரலில் மஞ்சள் பொடி.

3. வீட்டருகில் அல்லது பள்ளி வளாகத்தில் புள்ளியுள்ள இலை ஒன்றைப் பறித்து, அதன் பருவம், புள்ளியின் வடிவம், விளிம்பு, நிறம், அடிப்பக்கம் ஆகியவற்றை எட்டு வரிகளில் எழுதுக. காரணத்தை ஊகித்து எழுதவேண்டாம். கண்டதை மட்டும் எழுதுக.

4. உன் வீட்டாரிடமும் தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு, பயிர்நோய்ப் பெயர்கள் ஐந்தை இரு மொழியிலும் தமிழ் எழுத்தில் எழுதி வருக.